டோலும் கட்டுகிறோம், சாலை வரியும் கட்டுகிறோம்: சாலைப் பராமரிப்புக்கான பணம் யாருடைய கையில் இருக்கிறது?

பட்டர்வொர்த் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பதினோர் ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். காலையில் கிளம்பினால் முதலில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலை, பிறகு ஊர்ப் பெரிய சாலை, அதன்பின் பினாங்குப் பாலம், பாலத்தை விட்டு இறங்கியதும் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை என்று என் பயணம் அமைகிறது. சக்கரத்தின் கீழே சாலை மாறுவதை, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையே எனக்குச் சொல்லிவிடும்.

பாலத்தில் இரவு நேரங்களில் ஒரு தடத்தை மூடி, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் தாமான் திருப்பத்திலோ முறம் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. சென்ற ஓராண்டில் மூன்று முறை ஆட்கள் வந்து, மூட்டையிலிருந்து கறுப்புக் கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போனார்கள். மூன்று முறையும் அடுத்த பெருமழைக்கே அது பெயர்ந்து, சரளைக்கல் சாலையெங்கும் சிதறியது. அக்டோபர் மாதம் ஓர் இரவு என் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து திரும்பும்போது, தண்ணீர் நிரம்பி நின்றதால் குழி இருப்பது தெரியாமல் சக்கரத்தை இறக்கி விழுந்துவிட்டான். மணிக்கட்டு எலும்பில் விரிசல் ஏற்பட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். தலைக்கவசம் போட்டிருந்ததால் பெரிய ஆபத்து இல்லாமல் தப்பினான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். ஆண்டுதோறும் நாம் கட்டும் சாலை வரி, பெயருக்கு ஏற்றபடி சாலைக்குத்தான் போகிறதா? டோல் வசூலிக்கும் சாலைக்கும் மற்றச் சாலைக்கும் பராமரிப்புப் பணம் எப்படி வேறுபடுகிறது? எங்கள் புலனக் குழுவில் டோலை முற்றிலும் எடுத்துவிட வேண்டும் என்று தினமும் ஒருவர் எழுதுகிறார். அப்படி எடுத்துவிட்டால் அந்தச் சாலைகளைப் பிறகு யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வார்கள்? கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால், பணம் வரும் வழி தெரியாமல் எதையும் ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மகனின் கை குணமாகிவிட்டது என்று நம்புகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் சாலைப் பராமரிப்புப் பணிகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். சாலை எண்ணிலேயே அதற்கு விடை இருக்கிறது. ‘ஈ’ என்ற எழுத்தோடு தொடங்கும் எண் விரைவுச்சாலையைக் குறிக்கும். பினாங்குப் பாலம் ஈ36, இரண்டாவது பாலம் ஈ28. எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. நீங்கள் சொன்ன லிம் சோங் இயூ நெடுஞ்சாலை 3113-ஆம் எண் கூட்டரசுச் சாலை; பார்ப்பதற்கு விரைவுச்சாலைபோல் இருந்தாலும் அங்கே டோல் இல்லை. மாநிலத்தின் எழுத்தோடு எண் இருந்தால் அது மாநிலச் சாலை. பினாங்குக்கு ‘பி’ (P), பேராக்குக்கு ‘ஏ’ (A), சிலாங்கூருக்கு ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான ‘பி’ (B). தாமான் சாலைகள் மாநிலத்துக்கு ஒப்படைக்கப்பட்டு உள்ளூர் மன்றத்தின் பொறுப்பில் வருபவை. ஆக, ஒரே காலைப் பயணத்தில் நீங்கள் மூன்று வேறு உரிமையாளர்களின் சாலைகளில் ஓடுகிறீர்கள். அந்த மூவருக்கும் பணம் வரும் வழியும் மூன்று விதம்.

கூட்டரசுச் சாலைகள் 1959-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சாலைகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைப் பொதுப்பணி இலாகா, அதாவது நாம் ஜே.கே.ஆர். என்று சொல்லும் துறை, கவனிக்கிறது. அதற்கான பணம் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்தில் பொதுப்பணி அமைச்சுக்கு ஒதுக்கப்படுவது. தீபகற்பத்தில் இந்தச் சாலைகளின் பராமரிப்பு 2001-ஆம் ஆண்டு தனியார்மயமாக்கப்பட்டது. மூன்று நிறுவனங்கள் வட்டாரம் பிரித்துக்கொண்டு பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் அதை ஏற்றன. அதன் பிறகு புதிய ஒப்பந்தங்கள் போடப்பட்டன. சாலை அரசுக்கே சொந்தம், கண்காணிப்பு ஜே.கே.ஆர். கையில், வேலையைச் செய்வது ஒப்பந்த நிறுவனம், பணம் திறைசேரியிலிருந்து. இதில் டோலுக்கு இடமில்லை.

வேலைகளை மூன்றாகப் பிரித்துத்தான் செய்வோம். புல் வெட்டுவது, கால்வாய் தூர் வாருவது, சிறு குழிகளை அடைப்பது, பலகைகளைத் துடைப்பது, கோடு தீட்டுவது எல்லாம் வழக்கமான பராமரிப்பு. இது மாதாமாதம் நடக்க வேண்டும். மேல்பரப்பைச் சுரண்டிப் புதிதாகப் போடுவது, தளத்தைப் பலப்படுத்துவது போன்றவை காலமுறைப் பராமரிப்பு. இவற்றைச் சாலையை அளந்து பார்த்து, எங்கே அவசரம் என்று வரிசைப்படுத்தித்தான் செய்ய முடியும். மண்சரிவு, வெள்ளம், பாலச் சேதம் ஆகியவை அவசரப் பணிகள். பணம் இறுகும் ஆண்டில் முதலில் தள்ளிப்போவது நடுவில் உள்ள காலமுறைப் பணிதான். புல் வெட்டாவிட்டால் மறுவாரமே புகார் வந்துவிடும். சரிவை ஒரு நாளும் விட்டுவைக்க முடியாது. மேல்பரப்பைப் புதுப்பிப்பதை ஓராண்டு தள்ளினால் அந்த ஓராண்டில் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே இறங்குவதும், அடித்தளக் கற்களின் பிடிமானம் தளர்வதும் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. தெரியும்போது மேலே ஒரு படலம் போட்டுச் சமாளித்துவிடும் நிலை போய், அடித்தளத்தையே தோண்டிக் கட்ட வேண்டிய நிலை வந்திருக்கும். அந்த வேலைக்கு முன்னதைப் போலப் பல மடங்கு செலவாகும். என் பணிக்காலத்தில் எனக்கு மிகுந்த வேதனை தந்தது இதுதான்: தடுத்திருக்கக்கூடிய சேதத்தை ஆண்டாண்டாக வளரவிட்டு, கடைசியில் பெரும் தொகை கொடுத்துத் தீர்த்தோம்.

இதற்கு ஒரு கணக்கியல் காரணமும் உண்டு; நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் எளிதாகப் புரியும். கூட்டரசு அரசாங்கம் கடன் வாங்குவது வளர்ச்சிச் செலவுக்கு மட்டும்தான். நடப்புச் செலவை அந்தந்த ஆண்டின் வருமானத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது நீண்ட கால நெறி. புதுச் சாலை வளர்ச்சிச் செலவு. வழக்கமான பராமரிப்பு நடப்புச் செலவு. அதனால் புதிய மேம்பாலத்துக்குக் கடன் திரட்ட முடிகிற அரசு, பழைய சாலையின் கால்வாயைத் தூர் வாரும் பணத்துக்குச் சம்பளம், ஓய்வூதியம், உதவித்தொகை இவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

மாநிலச் சாலைகளுக்கு வழி வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவும் பத்தாவது அட்டவணையும், மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு மானியம் கொடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. குறைந்தபட்சத் தரத்தில் ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதி பெற்ற சாலைகளின் மொத்த மைல் கணக்கால் பெருக்கினால் மானியத் தொகை வரும், இதுவே அடிப்படை. இதில் ‘தகுதி பெற்ற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மாரிஸ் என்று அழைக்கப்படும் சாலைப் பதிவு முறையில் உங்கள் சாலை ஏற்றப்பட்டிருந்தால்தான் அதன் நீளத்துக்குப் பணம் வரும். வீடுகளைக் கட்டிய மேம்பாட்டாளர் சாலையை முறைப்படி ஒப்படைக்காமல் விட்டிருந்தாலோ, அகலமும் கால்வாயும் தரத்துக்கு ஏற்ப இல்லாமல் இருந்தாலோ, அந்தச் சாலை கணக்கில் ஏறாது. தரையில் சாலை இருக்கும், மக்கள் அதில் தினமும் போவார்கள். மானியத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு சாலையே கிடையாது. உங்கள் தாமான் சாலை பதிவாகியிருக்கிறதா என்று உள்ளூர் மன்றத்தின் பொறியியல் பிரிவில் நேரில் கேட்டுப் பாருங்கள்.

சாலை வரி பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். அரசியலமைப்பின் 97-ஆவது பிரிவின்படி கூட்டரசின் வருமானம் ஒருங்கிணைந்த நிதியில் சேருகிறது; ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்பில் நீங்கள் கட்டும் தொகை அங்கே போன பிறகு, அது சாலைக்கா, மருத்துவமனைக்கா, பள்ளிக்கா என்று அடையாளம் வைத்துப் பிரிப்பதில்லை.

செந்தூல் பயணி எழுதியது:

மேற்பார்வையாளர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். டோல் பக்கத்தை நான் சொல்கிறேன். கோலாலம்பூரில் கடன் பத்திரங்கள் தொடர்பான வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

விரைவுச்சாலைகளுக்குத் தேசிய அளவில் பொறுப்பான அமைப்பு மலேசிய நெடுஞ்சாலை வாரியம். 1980-இல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. ஆரம்பத்தில் அது தானே கட்டியது. அரசின் பணத்தைக் கொண்டு மட்டும் வடக்கு தெற்கு விரைவுச்சாலையை முடிக்க முடியாது என்ற நிலையில், 1984-இல் டோல் வசூலைத் தனியாரிடம் விட வழி செய்யும் சட்டம் வந்தது, 1988-இல் சலுகை ஒப்பந்தம், அதாவது சாலையைக் கட்டி நடத்தி டோல் வசூலிக்கும் உரிமையைத் தனியார் நிறுவனத்துக்குத் தரும் ஒப்பந்தம், கையெழுத்தானது, 1994 செப்டம்பர் 8-ஆம் நாள் முழுச் சாலையும் திறக்கப்பட்டது. இன்று வாரியத்தின் முக்கிய வேலை கண்காணிப்பு. நிறுவனம் சாலையை என்ன தரத்தில் வைத்திருக்க வேண்டும், எத்தனை காலத்துக்கு ஒருமுறை மேல்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும், ஒப்பந்தம் முடியும் நாளில் எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பவற்றை ஒப்பந்தம் சொல்கிறது. வாரியம் அதைச் சரிபார்க்கிறது.

டோல் பணத்தின் ஓட்டம் பொதுவாக இப்படி இருக்கும்: வசூலிலிருந்து முதலில் இயக்கச் செலவும் பராமரிப்பும், அடுத்துக் கடனும் வட்டியும், எஞ்சியதில்தான் பங்குதாரருக்கு லாபம். பராமரிப்பு வரிசையின் தலைமாட்டில் நிற்பதால் ஒவ்வோராண்டும் அதைத் தனியே போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர்களுக்கும் அதில் அக்கறை உண்டு. சாலை கெட்டால் வண்டி குறையும், வண்டி குறைந்தால் அவர்கள் பணம் ஆபத்தில் சிக்கும். பாலத்தில் நீங்கள் இரவில் பார்த்த வேலை ஒழுங்காக நடப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். யாருடைய நல்ல மனத்தையும் நம்பி அது நடக்கவில்லை.

இந்தக் கடன் எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் எண்: வடக்கு தெற்கு விரைவுச்சாலையையும் பினாங்குப் பாலத்தையும் நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் விரைவுச்சாலைகளை 2011-இல் யு.இ.எம். குழுமமும் ஊழியர் சேமநிதி வாரியமும் 51-க்கு 49 என்ற விகிதத்தில் வாங்கின. அதற்கான நிதி ஏற்பாட்டில் 2012 ஜனவரியில் வெளியான சுக்கூக் எனப்படும் இஸ்லாமிய முறைக் கடன் பத்திரங்களின் மதிப்பு 30.6 பில்லியன் ரிங்கிட். 2020 பிப்ரவரி 1-ஆம் நாள் டோல் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதனால்தான் பாலத்தில் கார் டோல் 7 ரிங்கிட்டிலிருந்து 5.74 ஆனது. அந்தக் குறைப்புக்கு ஈடாக ஒப்பந்தக் காலம் 2038-இலிருந்து 2058 வரை நீட்டப்பட்டது. இன்று குறைவாகக் கட்டுவதைக் கூடுதலாக இருபது ஆண்டுகள் கட்டப்போகிறோம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் குறைப்பு என்பதோடு நீட்டிப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

பராமரிப்பு என்றால் தார் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்து நினைவு ஒன்று. 2003 நவம்பர் 26-ஆம் நாள் புக்கிட் லாஞ்சான் அருகே, புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலையின் மேல் மலைப்பாறை சரிந்து விழுந்தது. சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் டாமன்சாராவிலும் கெப்போங்கிலும் மாட்டிக்கொண்டு நின்ற காலைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. தார்ப்பரப்பில் ஒரு குறையும் இல்லாத சாலைதான் அது. அடுத்த ஆண்டே ஜே.கே.ஆர். சரிவுப் பொறியியலுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது.

சுங்கை நிபோங் இளைஞன் எழுதியது:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் டோலே கூடாது என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். ஊழியர் சேமநிதிக்குப் பாதிப் பங்கு இருக்கிறது என்றால், நம் சேமிப்பில் வாங்கிய சாலைக்கு நாமே மறுபடியும் கட்டணம் கட்டுவது எந்த நியாயம்? 2018 ஜனவரி 1-ஆம் நாள் பத்து தீகா, சுங்கை ராசாவ், புக்கிட் காயு ஹித்தாம் சாவடிகளை எடுத்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. உலகம் இடிந்துவிடவில்லையே? மழையிலும் வெயிலிலும் இரண்டு சக்கரத்தில் தீவுக்கு வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது காரில் போகிறவர்களுக்குப் புரியாது.

செந்தூல் பயணி எழுதியது:

தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு எடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்தும்; அந்த வாகனம் சாலைக்குத் தரும் பாரம் ஒன்றுமேயில்லை. ஆனால் சேமநிதி பற்றிய கேள்வியைத் திருப்பிப் பாருங்கள். அந்த 49 விழுக்காட்டுக்கு வரும் பங்காதாயம் உங்கள் அம்மா அப்பாவின் ஓய்வுக்காலக் கணக்கில் சேர்கிறது. டோலை ஈடு கொடுக்காமல் எடுத்தால் அவர்கள் பணம் குறையும். ஈடு கொடுத்து எடுத்தால் திறைசேரி கொடுக்க வேண்டும், அதாவது பாலத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத கிளந்தான் விவசாயியும் தவாவ் மீனவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். ஒப்பந்தப்படி உயர வேண்டிய கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்திய ஆண்டுகளில் அரசு நிறுவனங்களுக்கு இழப்பீடு கொடுத்ததும் இப்படிப்பட்ட பொதுப் பணத்திலிருந்துதான். சாவடியை எடுத்துவிடலாம், அதன் வழியாகப் போன லோரிகள் போகாமல் இருக்கப்போவதில்லை, மேல்பரப்பு தேயாமல் இருக்கப்போவதுமில்லை.

நடுவழி ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் கெசாஸ், எல்.டி.பி., ஸ்பிரிண்ட், ஸ்மார்ட் ஆகிய நான்கு விரைவுச்சாலைகளையும் அமானாட் லெபுராயா ராக்யாட் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம், 5.5 பில்லியன் ரிங்கிட் சுக்கூக் திரட்டி எடுத்துக்கொண்டது. டோல் உண்டு, ஆனால் பங்காதாயம் கிடையாது. பராமரிப்புப் போக மிஞ்சுவது கடனை அடைக்கவே போகிறது. கடன் தீர்ந்ததும் சாலை அரசிடம் திரும்பும். லாபத்தைக் கழித்துவிட்டுப் பராமரிப்பை மட்டும் காப்பாற்றும் இந்த வழி எனக்கு மனநிறைவு தருகிறது.

பிரிக்ஸ்பீல்ட்ஸ் பொறியாளர் எழுதியது:

நான் தமிழ்நாட்டில் சாலைத் திட்டங்களில் வேலை பார்த்துவிட்டு ஒன்பது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் இருக்கிறேன். சாலைக்கென்றே தனி நிதி வைக்க முடியாதா என்ற கேள்வி சகோதரியின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வைத்த நாடுகள் உண்டு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெட்ரோல், டீசல் ஒவ்வொரு லிட்டருக்கும் தனித் தீர்வை வசூலித்து மத்தியச் சாலை நிதியில் சேர்த்தார்கள். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கு அதிலிருந்தும் சுங்கச்சாவடி வசூலிலிருந்தும் பணம் வருகிறது. 2018-இல் அந்த நிதியின் பெயரே சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று மாறி, சாலையல்லாத பணிகளுக்கும் கதவு திறந்தது. தனி உண்டியல் வைத்தால் மட்டும் போதாது, மற்றவர் கை நுழையாமல் காக்கவும் வேண்டும் என்பதை அங்கே பார்த்தேன்.

நியூசிலாந்தின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே டீசல் வண்டிகள் தங்கள் எடைக்கும் ஓடும் தூரத்துக்கும் ஏற்ப உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பணம் தேசியத் தரைவழிப் போக்குவரத்து நிதிக்கு நேராகப் போகிறது. எடையை ஏன் பார்க்கிறார்கள் என்றால், 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு சோதனைச் சாலையில் லோரிகளை ஓட்டிப் பார்த்ததில், சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் பாரத்துக்கு ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று கண்டார்கள். அச்சுப் பாரம் பத்து விழுக்காடு கூடினால் சேதம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். இருபது விழுக்காடு கூடினால் சேதம் இரட்டிப்பாகிவிடும். பட்டர்வொர்த் துறைமுகப் பக்கம் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு வரும் ஒரே லோரி, நம் கார்கள் ஆயிரக்கணக்கில் ஓடினாலும் செய்ய முடியாத கேட்டைச் செய்துவிட்டுப் போகிறது. எடைச் சோதனையும் ஒரு பராமரிப்புப் பணிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மலேசியாவில் எரிபொருளுக்கு நெடுங்காலம் உதவித்தொகை கொடுத்தே பழகிவிட்டதால், எரிபொருளிலிருந்து சாலைக்குப் பணம் எடுப்பது இங்கே எளிதாகப் பேசக்கூடிய யோசனையாக இல்லை.

டோலை எதிர்க்கும் தம்பிக்கும் ஓர் எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலை நிறுவனம், ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளைக் கடன் வாங்கி அகலப்படுத்தி, 2013 டிசம்பரில் மின்னணு டோலைத் தொடங்கியது. பெரும்பாலான மக்கள் கட்ட மறுத்தார்கள். 2024 ஏப்ரலில் அந்த டோல் நிறுத்தப்பட்டது. கடன் நிற்கவில்லை, மத்திய அரசும் கௌட்டெங் மாநிலமும் பங்கு போட்டு அடைக்க வேண்டியதாயிற்று.

பட்டர்வொர்த் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மேற்பார்வையாளர் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உள்ளூர் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு நேரில் போய்க் கேட்டேன். எங்கள் தாமான் சாலை பதிவில் இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் பணம் வருகிறது. பணம் வந்தும் மூன்று முறை அடைத்த குழி மூன்று முறையும் ஏன் திறந்துகொண்டது?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:

குழியை அடைத்தார்களே ஒழிய, குழி உண்டான காரணத்தை யாரும் அடைக்கவில்லை. மூட்டையில் வரும் குளிர்கலவை அவசரத்துக்கு உதவும், நிரந்தரத்துக்கு அல்ல. முறையான வேலை என்றால், குழியைச் சுற்றிக் கெட்டியான பகுதி வரை சதுரமாக வெட்டி, தளர்ந்த கல்லையும் தண்ணீரையும் முழுதும் எடுத்து, ஓரங்களில் ஒட்டுத்தார் பூசி, சூடான பிரிமிக்ஸை (தார் கலந்த கல் கலவையை) இரண்டு அடுக்காகப் போட்டு, அழுத்தும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஈரம் இருக்கும் குழியில் எதைப் போட்டாலும் நிற்காது.

அதைவிட முக்கியமானது ஒன்று. மழை பெய்து முடிந்த கால் மணி நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சாலையின் ஓரத்தில் புல்லும் வண்டலும் சேர்ந்து ஒரு வரப்புப்போல் உயர்ந்திருக்கிறதா? அப்படி இருந்தால் சாலையில் விழும் தண்ணீர் கால்வாய்க்குப் போக முடியாமல் சாலை மேலேயே நிற்கும். சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவாகத்தான் கட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் அடைப்பு இருந்தால் அந்தச் சரிவே தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கும். என் முப்பத்திரண்டு ஆண்டு அனுபவத்தில், பத்துக் குழிகளைப் பார்த்தால் ஆறேழு குழிகளின் பக்கத்தில் அடைபட்ட கால்வாய் ஒன்று இருக்கும். குடிநீர்க் குழாய்க்கோ தொலைபேசிக் கம்பிக்கோ யாராவது சாலையைத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்ட தடமும் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்க்கோட்டில் தாழ்ந்த வடு தெரிந்தால் அதுதான்.

புகார் எழுதும்போது குழியை மூடுங்கள் என்று எழுதாதீர்கள். ஓர வரப்பை வெட்டிக் கால்வாயைத் திறந்து, பிறகு வெட்டி நிரப்புங்கள் என்று எழுதுங்கள். கூட்டரசுச் சாலையாக இருந்தால் பொதுப்பணி அமைச்சு 2023-இல் கொண்டுவந்த மைஜாலான் செயலியில் படத்தையும் இடத்தையும் சேர்த்து அனுப்பலாம். உங்களுடையது உள்ளூர்ச் சாலை என்பதால் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு எழுத்துமூலம் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சில் சொன்ன புகார் வருடாந்தர வேலைப் பட்டியலில் ஏறுவதில்லை.

பட்டர்வொர்த் வாசகி எழுதியது:

ஐயா, நேற்று மாலை நல்ல மழை. நின்றதும் குடையோடு போய்ப் பார்த்தேன். மகனும் கூட வந்தான். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. புல்வரப்பு சாலையைவிட என் விரல் நான்கின் அகலத்துக்கு உயர்ந்து நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் குழியில் தண்ணீர் தளும்புகிறது, அந்தப் பக்கம் ஓரடி தள்ளிக் கால்வாய் காய்ந்து கிடக்கிறது. மகன் ஒரு குச்சியால் வரப்பில் சிறு வெட்டுப் போட்டதும், தேங்கிய தண்ணீர் முழுதும் இரண்டு நிமிடத்தில் கால்வாய்க்குள் ஓடிவிட்டது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டோம்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். குழி என்ற சொல்லைத் தலைப்பில் போடவில்லை; சாலையோரக் கால்வாய் அடைப்பு என்று எழுதி, படங்களை இணைத்து, பதிவு எண்ணும் வாங்கிவிட்டேன். முகப்பில் இருந்த பெண், இப்படி ஒரு புகாரை முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொல்லி, பொறியியல் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளரையே கூப்பிட்டார். அவர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வந்து பார்த்தபின் இங்கே எழுதுகிறேன்.